கட்டைவிரல் ரேகை

கராஜ் கதவைப் பாதி உயர்த்திவிட்டு
முகமூடி மாட்டிக்கொண்டு
பிளாஸ்டிசால் காய்ச்சுகிறேன்.
சோறு தண்ணி பார்க்கிற மைக்ரோவேவ் உள்ளே இருக்கிறது,
இது வேறு; இதற்கு இது மட்டும்தான் வேலை.
இரண்டு நிமிடம், கிளறு.
இன்னும் ஒன்று, கிளறு.
பாலாய் இருந்தது கூழாகி,
கூழாய் இருந்தது தெளிந்து கண்ணாடியாகும்.
அந்தப் பதத்தில் ஊற்ற வேண்டும்.
தவறினால் மஞ்சள்.
அதையும் தவறவிட்டால் புகை,
பக்கத்து வீட்டு நாய் தும்முகிற புகை.

புல் ஷோல்ஸ் ஏரியில் தண்ணீர் இளஞ்சூடாகிவிட்டது.
பாஸ் மீன்கள் கரைப்பக்கம் ஒதுங்குமுன்
இருநூறு புழு வேண்டும் என்றார் ஹாலிஸ் பக்னர்.
படகுத்துறையில் தூண்டில் கடை அவருடையது.
நான் கொண்டுபோன மாதிரியை
ஜன்னல் வெளிச்சத்தில்
மாப்பிள்ளை பார்ப்பது போலப் பார்த்தார்.
"நெளிகிறது, வர்னா. நிறமும் சரி.
ஆனால் சாம்பல் பூத்த மாதிரி இருக்கிறதே."
மீனுக்கு அதெல்லாம் தெரியாது என்றேன்.
"காசு மீனிடமா இருக்கிறது?" என்றார்.

குற்றம் அச்சின் மேல்.
பிளாஸ்டர் அச்சு, கண்ணுக்குத் தெரியாத துளைகளால் ஆனது.
மேல்பக்கம் காற்றுப்பட்டுத் தானாகவே மினுங்கும்;
அச்சில் படுத்திருந்த பக்கம்
அதன் சொரசொரப்பை அப்படியே வாங்கிக்கொண்டு எழும்.

டெல்மர் வார்த்த அச்சு.
விவாகரத்தில் அவன்
படகை எடுத்துக்கொண்டான், மோட்டாரை,
இழுவண்டியை, ஞாயிற்றுக்கிழமை நண்பர்களை.
இதை மறந்துவிட்டான்.
இப்போது எதிர்க்கரையில் பெக்கியோடு இருக்கிறான்.
இரவு பத்தரைக்கு விளக்கணைக்கிறார்கள்.
பார்க்க வேண்டுமென்று பார்ப்பதில்லை,
என் சமையலறை ஜன்னல் அந்தப் பக்கம்.

முதலில் வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்துப் பூசினேன்.
சூடு பட்டதும் கொப்பளித்தது.
பிறகு எபாக்சி.
அச்சை அடுப்பில் வைத்து ஈரத்தை விரட்டி,
ஆறுமுன் மெல்லிசாக ஒரு பூச்சு,
ஹேர் டிரையரால் ஊதி
குமிழ் குமிழாய் உடைத்து,
ஓர் இரவு விட்டு இன்னொரு பூச்சு.
தொழிற்சாலையில் ராத்திரி ஷிப்டு முழுக்க
டயர்கள் என் முன்னால் உருண்டு போயின;
எனக்கு அது காய்ந்ததா என்றே நினைப்பு.

காய்ந்திருந்தது.
ஊற்றினேன். பன்னிரண்டு நிமிடம்.
நகத்தால் வாலை நிமிண்டி உரித்தேன்.

அப்படி ஒரு பளபளப்பு!
இப்போதுதான் ஏரியிலிருந்து எடுத்தது போல,
குழல் விளக்கு முழுசாக அதன் மேல் படுத்திருந்தது.
அதோடு கூட,
கழுத்துக்குக் கீழே,
வட்டத்துக்குள் வட்டமாய்
ஒரு கட்டைவிரல் ரேகை.

ஈரம் காயுமுன் தொட்டிருப்பான்.
தொட்டுப் பார்க்காமல் எதையும் நம்பாதவன்.
இரண்டு பூச்சுக்கும் தூர்ந்துபோகாத ஆழம்.
இத்தனை வருஷம் மங்கல் மூடி வைத்திருந்ததை
மெருகு காட்டிக்கொடுத்துவிட்டது.

உளியால் சுரண்டப் போனேன்.
சுரண்டினால் பளபளப்பு போகும்.
உளியைக் கீழே வைத்தேன்.
மறுபடியும் எடுத்தேன்.
பிறகு மைக்ரோவேவைப் பற்றவைத்தேன்,
இரண்டு நிமிடம், கிளறு.

"இந்த வரி என்ன?" என்றார் ஹாலிஸ்.
வாசனை எண்ணெய் தங்குவதற்கு என்றேன்.
முகத்தில் ஒரு சதை அசையவில்லை.

சனிக்கிழமைக்குள் பாதி போய்விட்டது.
வரி வைத்த புழு இருக்கிறதா என்று
மிசௌரியிலிருந்துகூட வந்து கேட்கிறார்களாம்.
டெல்மர் வந்தானாம்.
ஒன்றை எடுத்து
கட்டைவிரலால் தடவித் தடவிப் பார்த்து
"யார் செய்தாலும் வேலை தெரிந்த கை" என்றானாம்.
மூன்று பாக்கெட்.
தள்ளுபடி கேட்டான், கொடுக்கவில்லை என்றார் ஹாலிஸ்.

இன்று காலை பனி விலகும்போது
அந்தப் படகு நடு ஏரியில் நின்றது.
தன் ரேகையைத் தானே கொக்கியில் கோத்து
குனிந்து முடிச்சிடுகிற முதுகு.
எதுவும் சிக்கியதா தெரியவில்லை,
எனக்கு அவ்வளவு தூரம் கண் தெரியாது.

இன்னும் தொண்ணூற்றாறு ஊற்ற வேண்டும்.
பச்சை மினுக்குத்தூள் தீர்ந்துபோயிற்று.